சேரி எந்த அடுக்கில் இருக்கிறது?

இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



இலக்கிய மன்றம் நடத்தும் நினைவுச் சொற்பொழிவுக்கு நிலப்படம் வரைகிறவளை ஏன் கூப்பிட்டார்கள் என்று உங்களில் சிலர் யோசிக்கலாம். அழைப்பு வந்தபோது நானும் அதையேதான் கேட்டேன். நான் கவிதை எழுதியவள் இல்லை, கதை எழுதியவளும் இல்லை. புவித்தகவலியலில் மேற்படிப்பு படித்தேன். இப்போது ஒரு கல்லூரியில் அதைப் பாடமாக நடத்துகிறேன். “அதைத்தான் பேச வேண்டும். நம் பிள்ளைகள் இப்போது இந்தப் படிப்புக்கு வருகிறார்கள். வந்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்” என்றார் மன்றச் செயலாளர். அதை மட்டும் சொல்லிவிட்டு அமர்கிறேன்.

யாருடைய நினைவில் கூடியிருக்கிறோமோ அவரிடமிருந்தே தொடங்கலாம். செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த தாத்தா இரட்டைமலை சீனிவாசன், சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தபோது 1924-இல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த வகுப்பாரும் எந்த ஊரிலும் பொதுச் சாலை, தெரு, பாதை எதிலும் நடக்கலாம். பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடும் இடம் எதையும் சாதி இந்துக்களைப் போலவே தடையின்றிப் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அவை அதை ஏற்றது. அரசு ஆணையாகவும் வெளிவந்தது.

அந்தத் தீர்மானத்தின் பட்டியலை மறுபடி ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். சாலை, தெரு, பாதை, அலுவலகம், கிணறு, குளம். கணினியில் நிலப்பட மென்பொருளைத் திறந்து ஒரு கிராமத்தைப் போட்டால் இடப்பக்கம் வரிசையாக வந்து நிற்பதும் ஏறக்குறைய இதே பட்டியல்தான். சாலைக்கு ஓர் அடுக்கு, நீர்நிலைக்கு ஓர் அடுக்கு, கட்டடத்துக்கு ஓர் அடுக்கு. கண்ணாடித் தாள்களில் தனித்தனியாக வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது போல. ஒவ்வொரு தாளுக்கும் பின்னால் ஓர் அட்டவணை உண்டு. இந்தக் கிணறு எந்த ஆண்டு வெட்டியது, இந்தச் சாலை எவ்வளவு அகலம் என்று அதில் எழுதியிருக்கும். இதைத்தான் புவியியல் தகவல் முறைமை என்கிறோம், சுருக்கமாக ஜி.ஐ.எஸ். இந்த அடுக்குகளில் சேரி எதில் இருக்கிறது? என் படிப்பு முழுவதும் நான் கேட்டுக்கொண்டிருந்தது இந்த ஒரு கேள்வியைத்தான்.

கல் இருக்கும் இடம் தெரிந்தவர்

என் தாத்தா எங்கள் கிராமத்தின் வெட்டியான். நில அளவைக்காரர் ஊருக்கு வந்தால் முதலில் அவரைத்தான் தேடுவார். பத்தாண்டு உழுது மண் மூடிப்போன வயலில் நின்று, பனைமரத்தைப் பார்த்து, ஏரிக்கரையைப் பார்த்து, நாலு எட்டு வைத்து, “இங்க தோண்டுங்க” என்பார். அரையடிக்குக் கீழே சர்வே கல் இருக்கும். அந்த அளவைக்காரருக்கு என் அப்பாவின் வயதுகூட இருக்காது. தாத்தாவை “டேய்” என்றுதான் கூப்பிடுவார்.

இது என் தாத்தாவின் தனித்திறமை என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். பின்னால் படித்தபோதுதான் தெரிந்தது. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட ஏழு தொகுதி நூலில், எல்லைத் தகராறு வந்தால் பறையர் நடந்து காட்டும் கோட்டையே எல்லையாக ஏற்கும் வழக்கம் பதிவாகியிருக்கிறது. ஊரின் எல்லையை முழுதாக அறிந்தவர்கள் அந்த எல்லைக்குள் ஒரு காணி நிலம் இல்லாதவர்கள். 1802-இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டருக்குச் சங்கிலி போட்டு அளந்த அடிக்கோட்டிலிருந்துதான் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை தொடங்கியது. லாம்டன் பெயர் பாடப்புத்தகத்தில் உண்டு. வெயிலில் சங்கிலியைத் தூக்கி நடந்தவர்களின் பெயர்கள் அதில் இல்லை.

அளவை நமக்குப் புதிய வேலை இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். படிப்பும் பட்டமும்தான் புதிது.

ஒரே நிறம்

முதல் பருவத்தில் எங்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்கள். அவரவர் ஊரின் நிலப்படத்தை எடுத்து, வருடி, கணினியில் ஏற்றி, பூமியின் ஆயத்தொலைகளோடு பொருத்த வேண்டும். அதற்குப் படத்திலும் நிலத்திலும் ஐயமில்லாமல் தெரிகிற சில புள்ளிகள் வேண்டும். கட்டுப்பாட்டுப் புள்ளிகள் என்போம். நான் பெருமாள் கோயில் மூலை, ஏரி மதகு, பள்ளிக்கூடம், நாற்சந்தி எல்லாவற்றையும் எடுத்தேன். எடுத்து முடித்த பிறகு பார்த்தால் அத்தனையும் ஊரில் இருந்தன. நான் பிறந்து வளர்ந்த பக்கத்தில் ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. கட்டுப்பாட்டுப் புள்ளி இல்லாத பக்கத்தில் படம் இழுபட்டுக் கோணும். எங்கள் தெரு பக்கத்து வாய்க்காலுக்குள் போய் விழுந்தது.

அடுத்து, குடியிருப்புகளை வரைந்து அட்டவணையில் குறியீடு இட வேண்டும். ஊருக்கும் எங்கள் காலனிக்கும் ஒரே குறியீடு, ஒரே நிறம்: கிராமப்புறக் குடியிருப்பு. நடுவில் இருக்கும் முந்நூறு மீட்டர் வயல் வேளாண் நிலம். நான் அட்டவணையில் ஒரு பத்தி கூடுதலாகப் போட்டு ஒன்றுக்கு ‘ஊர்’ என்றும் மற்றதற்கு ‘சேரி’ என்றும் எழுதினேன். ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு, “இது தொழில்நுட்பத் துறை. சாதியெல்லாம் சமூகவியல்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்று அழிக்கச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு விடுதிக் கட்டணம் கட்ட முடியாத மாதம் கையிலிருந்து பணம் கொடுத்தவர். அந்தப் பத்தி எதற்கு என்பது மட்டும் அவருக்குப் புரியவில்லை. அழித்துவிட்டுத்தான் மதிப்பெண் வாங்கினேன்.

வானத்திலிருந்து பார்க்கும் கருவிக்குச் சாதி தெரியாது, அது நல்லதுதானே என்று நண்பர்கள் கேட்பார்கள். அதற்கு என்னதான் தெரியும் என்று பார்ப்போம். இந்தியச் செயற்கைக்கோள்களின் லிஸ்-3 கருவி எடுக்கும் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 23.5 மீட்டர். ஐரோப்பாவின் சென்டினல்-2 படத்தில் 10 மீட்டர். லிஸ்-4 கருவியில் 5.8 மீட்டர். நம் தெருவில் நாலைந்து வீடும் ஒரு வேப்பமரமும் சேர்ந்து ஒரே புள்ளியாகிவிடும்.

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989-இல் எழுந்து 2008-இல் ஒரு பகுதி இடிக்கப்பட்ட தீண்டாமைச் சுவர் இந்தப் படங்கள் எதிலும் தெரியாது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலையில் இடிந்து விழுந்து 17 பேரைக் கொன்ற சுவரும் தெரியாது. இன்று ட்ரோன் படத்தில் சுவர் தெரியும். ஆனால் அது யாருக்கும் யாருக்கும் நடுவில் நிற்கிறது என்பது அப்போதும் தெரியாது. அது அட்டவணையில் எழுதப்பட வேண்டிய செய்தி. எழுதினால்தான் உண்டு.

‘உண்டு’ என்கிற சொல்

அரசின் கணக்கெடுப்பில் நாம் இருக்கிறோமே என்று கேட்கலாம். இருக்கிறோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு கிராமத்திலும் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்ற எண் உண்டு. அதே கிராமத்தில் குழாய்க் குடிநீர் உண்டா, தொடக்கப்பள்ளி உண்டா, நியாயவிலைக் கடை உண்டா என்ற வசதிப் பட்டியலும் உண்டு. ஆனால் அந்தப் பட்டியலில் அலகு கிராமம். ஊரில் குழாய் இருந்தால் கிராமத்தில் ‘உண்டு’. சேரிக்கு அந்தக் குழாய் வரவில்லை என்றாலும் ‘உண்டு’. கோடைக்காலத்தில் ஊர்க்காரர்கள் பிடித்த பிறகுதான் நமக்கு என்றாலும் ‘உண்டு’. ஆய்வு மாணவர்கள் அந்த ‘உண்டு’களை எடுத்து மாவட்டம் முழுக்கப் பச்சை நிறம் பூசிப் படம் போடுகிறார்கள். நானும் போட்டிருக்கிறேன்.

கிராமத்துக்குக் கீழே, வார்டுக்குக் கீழே இறங்கிப் பார்த்தால் என்ன தெரியும் என்பதற்கு இப்போது சான்று வந்திருக்கிறது. இந்தியாவெங்கும் சுமார் 15 லட்சம் சிறு குடியிருப்புப் பகுதிகளை எடுத்து ஒரு பொருளியல் ஆய்வுக்குழு 2023-இல் முடிவுகளை வெளியிட்டது. பட்டியல் சாதியினரும் முஸ்லிம்களும் மிகுதியாக வாழும் பகுதிகளில் பள்ளி, மருத்துவமனை போன்ற பொது வசதிகள் குறைவாக இருப்பதை அது காட்டியது. நமக்கு இது செய்தியே இல்லை. ஆனால் பெரிய அலகில் கூட்டிப் பார்க்கும்போது மறைந்துபோவது சிறிய அலகில் எப்படி வெளிவருகிறது என்பதை அந்த ஆய்வில் மாணவர்கள் கவனிக்க வேண்டும். எந்த அலகில் படம் போடுவது என்பது வெறும் தொழில்நுட்ப முடிவு இல்லை.

தண்ணீர்க் குழாய் நின்ற இடம்

இப்படிப் படம் போட்டு வழக்கு வென்ற ஒரு தெரு உண்டு. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஜேன்ஸ்வில் நகரத்துக்கு வெளியே கோல் ரன் என்கிற பகுதி. அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். சுற்றிலும் நகரத்துக் குடிநீர் போனது. அவர்கள் தெருவுக்கு மட்டும் ஏறத்தாழ ஐம்பது ஆண்டு வரவில்லை. பழைய நிலக்கரிச் சுரங்கங்களால் நிலத்தடி நீர் கெட்டிருந்தது. மழைநீரைப் பிடித்தும், வண்டியில் தண்ணீர் ஏற்றி வந்தும் காலம் தள்ளினார்கள். கேட்டபோதெல்லாம் அதிகாரிகள் வேறு வேறு காரணம் சொன்னார்கள்.

வழக்குப் போட்டார்கள். மக்கள் தரப்பில் வந்த ஆய்வாளர்கள் மூன்று அடுக்கு எடுத்தார்கள். குடிநீர்க் குழாய்கள் ஓர் அடுக்கு. வீடுகள் ஓர் அடுக்கு. எந்த வீட்டில் இருப்பவர்கள் கறுப்பர், எந்த வீட்டில் வெள்ளையர் என்பது மூன்றாவது. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தபோது குழாய் எங்கே நிற்கிறது என்பதை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போனது. வழக்குத் தொடங்கிய பிறகு 2004-இல் தண்ணீர் வந்தது. 2008-இல் நடுவர் குழு 67 பேருக்கு ஏறத்தாழ 1.1 கோடி டாலர் இழப்பீடு அளித்தது.

முதல் இரண்டு அடுக்கும் அரசிடம் ஏற்கெனவே இருந்தவை. மூன்றாவதுதான் இல்லாதது. அதை ஆள்வைத்துச் சேகரித்துச் சேர்த்தார்கள், வழக்கு நின்றது. அந்த நாட்டில் இதற்கு ஒரு முன்வரலாறும் உண்டு. டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் பிலடெல்பியாவின் ஏழாவது வார்டில் வீடு வீடாக ஏறி இறங்கி விசாரித்து, ஒவ்வொரு வீட்டையும் வண்ணமிட்டுக் காட்டிய படத்தை 1899-இல் தன் நூலில் வெளியிட்டார். கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பு, ஒரு கறுப்பின அறிஞர் தன் மக்களின் அடுக்கைத் தானே வரைந்தார்.

சுடுகாட்டுப் பாதை

என் முதுகலை ஆய்வுக்கு வருகிறேன். நில மூடுபரப்பு மாற்றம், நகர விரிவாக்கம், நிலத்தடி நீர்த்தரம் என்று வழக்கமான தலைப்புகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள் என்றார்கள். நான் எங்கள் காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் பாதையை எடுத்தேன். ‘கிராமப்புறப் பொதுப் பாதைகளின் அணுகுநிலை’ என்று தலைப்புக்குச் சட்டை போட்டுவிட்டேன். துறையில் யாருக்கும் எதிர்ப்பில்லை.

இது எவ்வளவு பெரிய பிரச்சினை என்று இங்கே விளக்க வேண்டியதில்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் பாதை மறிக்கப்பட்டதால் ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தக் காட்சியை நாடே பார்த்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. எங்கள் ஊரில் கயிறு தேவைப்படவில்லை. நெல் அறுத்திருந்தால் வயலில் இறங்கிப் போவோம். பயிர் நின்றால் வரப்பில் ஒற்றை வரிசையில், பாடை தோளில் சாய்ந்தபடி போகும். நடவு நேரத்தில் இறந்தவர்கள் வீட்டில் அழுகையோடு இந்தக் கவலையும் சேர்ந்திருக்கும்.

பழைய புலப்படச் சுவடியில் அந்த வயலின் ஓரமாக வண்டிப்பாதை இருந்தது. இருபது லிங்க்ஸ் அகலம், அதாவது ஏறத்தாழ 4 மீட்டர். நிலத்தில் வரப்புதான் இருந்தது. நான் கைப்பேசியில் ஜி.பி.எஸ். போட்டுக்கொண்டு காலனியிலிருந்து சுடுகாடு வரை நடந்தேன். “பொட்டப்புள்ள சுடுகாட்டுக்கு நடக்கறதா?” என்று அத்தை சண்டை போட்டது. பிறகு அதுவே என்னோடு வந்தது. நடந்த தடத்தைப் பழைய படத்தின்மேல் வைத்துப் பாதையில் எவ்வளவு வயலாகியிருக்கிறது என்று கணக்கிட்டேன்.

முன்னாய்வில் ஒரு பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “உங்கள் கைப்பேசியின் பிழை எவ்வளவு?” திறந்த வெளியில் மூன்று முதல் ஐந்து மீட்டர் என்றேன். “பாதையின் அகலம்?” நாலு மீட்டர் என்றேன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அவர் கேட்டது சரி. என் கோபம் நியாயமானதாக இருக்கலாம். அளவு தப்பாக இருந்தால் தாசில்தார் அலுவலகத்தில் முதல் நாளே தூக்கி எறிந்துவிடுவார்கள். நம் தரப்பில் நியாயம் இருப்பதால் அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை என்று நினைக்காதீர்கள். எதிர்த் தரப்பின் அளவைவிட நம் அளவு துல்லியமாக இருந்தாக வேண்டும்.

பிறகுதான் தாத்தாவிடம் போனேன். அவருக்கு அப்போது கண் சரியாகத் தெரியாது. கட்டிலோடு தூக்கிக்கொண்டுபோய் வயலோரம் இறக்கினோம். பனைமரம் எந்தப் பக்கம் என்று கேட்டார். நாலு இடத்தில் தோண்டச் சொன்னார். மூன்று இடத்தில் கல் கிடைத்தது. துறையிலிருந்து சென்டிமீட்டர் துல்லியம் தரும் கருவியை இரண்டு நாளுக்கு இரவல் வாங்கி, அந்தக் கற்களில் வைத்து அளந்து, அங்கிருந்து நாடா பிடித்துப் பாதையின் இரு கரையையும் குறித்தேன். முதல் பருவத்தில் எங்கள் பக்கத்துக்குக் கிடைக்காத கட்டுப்பாட்டுப் புள்ளிகள் அவைதான். தாத்தாவின் நினைவில் இருந்தன.

அந்தப் படத்தோடு மனு கொடுத்தோம். ஜமாபந்தியிலும் கொடுத்தோம். இரண்டாவது வருடம் அளக்க வந்தார்கள். எங்கள் கோடும் அவர்கள் கோடும் ஒத்துப்போயின. பாதையில் பாதி தூரம் மீட்கப்பட்டு மண் கொட்டினார்கள். மீதிப் பாதி இன்னும் வயலாகத்தான் இருக்கிறது. தாத்தா இறந்தபோது பாதி தூரம் அகலமாகப் போனோம். மீதி தூரம் வரப்பில் போனோம். படம் மட்டும் வென்று கொடுக்காது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மீட்ட அந்தப் பாதியும் காலனி மக்கள் ஒவ்வொரு உழவுக்கும் போய் நின்றதால்தான் பாதையாக நிலைத்தது.

பஞ்சமி நிலமும் எண்களும்

இதே முறை பஞ்சமி நிலத்துக்கும் பொருந்தும். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1892-இல் பிறந்த ஆணையும் உங்களுக்குத் தெரியும். 12 லட்சம் ஏக்கர் என்ற கணக்கை நம் இயக்கங்கள் சொல்லி வருகின்றன. 1994 அக்டோபரில் காரணை நிலத்துக்கான போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள். ஆனாலும் ஒரு கிராமத்தில் போய், பஞ்சமி நிலம் எது, கையால் காட்டுங்கள் என்றால் பல இடங்களில் தடுமாறுகிறோம். சர்வே எண் மாறியிருக்கிறது, உட்பிரிவு ஆகியிருக்கிறது. 1979-இல் தொடங்கிய யு.டி.ஆர். பதிவின்போது, பழைய ஏட்டில் இருந்த நிபந்தனைக் குறிப்பு புதிய ஏட்டுக்கு வராமலே போனது என்பது மீட்பு இயக்கங்களின் நெடுநாள் குற்றச்சாட்டு.

இங்கேதான் படித்த பிள்ளை வேண்டும். பழைய ‘அ’ பதிவேட்டை வரி வரியாகத் தட்டச்சு செய்ய வேண்டும். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் ஒப்பீட்டுப் பட்டியல் கேட்டு வாங்க வேண்டும். புலப்படங்களை வரைந்து இரண்டு காலத்து அடுக்குகளையும் பொருத்த வேண்டும். பிறகு பெரியவர்களோடு போய் நிலத்தில் நடக்க வேண்டும். ஒரு கிராமத்துக்கு ஒரு மாணவர் ஒரு கோடை விடுமுறை கொடுத்தால் போதும். முழக்கத்தில் இருக்கும் ஏக்கர் கணக்கு அப்போது சர்வே எண்ணாகக் கையில் இருக்கும்.

படம் யார் கையில்?

இவ்வளவு சொன்னவள் ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். மூன்றாவது அடுக்கு நம்மைக் காட்டும் அடுக்கு. நம்மைக் காப்பவருக்கும் காட்டும், தாக்க வருகிறவருக்கும் காட்டும். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம் காலனி, அண்ணாநகர், கொண்டம்பட்டி மூன்றிலும் 250-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினார்கள். கொளுத்த வந்தவர்களுக்கு வரைபடம் தேவைப்படவில்லை என்பது உண்மை. அதற்காக நாமே வீடு வீடாகப் புள்ளி வைத்து, பெயரும் சாதியும் எழுதி, இணையத்தில் ஏற்றித் தரவேண்டியதில்லை.

நான் மாணவர்களிடம் மூன்று ஒழுங்கு கேட்கிறேன். முதலாவது, வரைவதற்கு முன் காலனியைக் கூட்டிச் சொல்லுங்கள். பெண்களும் இருக்கும் கூட்டமாக இருக்கட்டும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். இரண்டாவது, வீட்டளவுத் தரவு காலனியிடமும் உங்களிடமும் மட்டும் இருக்கட்டும். வெளியே போகும் படத்தில் பாதை, குழாய், சுவர், நிலம் இருந்தால் போதும். ஆள் பெயர் வேண்டாம். மூன்றாவது, ஆய்வேட்டின் ஒரு படி நூலகத்துக்கு என்றால், படத்தின் ஒரு படி பெரிதாக அச்சிட்டுக் காலனிக்குக் கொடுங்கள். எங்கள் காலனியில் நான் மாட்டிய படத்தைப் பார்த்துவிட்டு அத்தைதான் சொன்னது: “கோடெல்லாம் சரிதான். ஐப்பசியில இந்த எடத்துல இடுப்பளவு தண்ணி நிக்கும், அத எங்க காணோம்?” நான் கோடையில் அளந்திருந்தேன். அடுத்த படத்தில் அது சேர்ந்தது.

படிக்க வருகிறவர்களுக்கு

கடைசியாகப் படிப்பைப் பற்றி நேரடியாகச் சில வார்த்தைகள். புவியியல் பட்டதாரிகளுக்கும் பொறியியல் பட்டதாரிகளுக்கும் இத்துறையில் மேற்படிப்பு உண்டு. சென்னையிலேயே அண்ணா பல்கலைக்கழகத்தில் தொலையுணர்வு நிறுவனம் இருக்கிறது. டேராடூனில் 1966-இல் தொடங்கிய இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையவழியாகவும் பாடம் நடத்துகிறது. ஒருகாலத்தில் மென்பொருளுக்கே லட்சக்கணக்கில் ஆகும். 2002-இல் தொடங்கிய க்யூ.ஜி.ஐ.எஸ். இலவசம், சாதாரண மடிக்கணினியில் ஓடும். 2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் உங்கள் தெருவை நீங்களே வரையலாம். கல்லூரி ஆய்வகம் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தடைகளும் உண்டு. உதவித்தொகை வருவதற்குள் பருவம் முடிந்துவிடும். வேலை என்று போனால், அயல்நாட்டுத் தெருக்களை நாள் முழுக்கத் திரையில் வரைந்து கொடுக்கும் வேலைதான் முதலில் கிடைக்கும். என் மாணவன் ஒருவன் பார்த்தேயிராத ஒரு நகரத்தின் ஒவ்வொரு மின்கம்பத்தையும் வரைந்திருக்கிறான். அவன் தெருவில் விளக்கு எரிவதில்லை. பட்டியல் சாதி மாணவர்களுக்கான ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை விதிகளில், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு இடமில்லை என்று 2022-இல் திருத்தினார்கள். தொழில்நுட்பம் படிக்கப் போகலாம், நம் ஊரைப் படிக்கப் போகக்கூடாது என்பதுதானே இதன் பொருள்? என் ஆசிரியர் அழிக்கச் சொன்ன அந்தப் பத்தியை இப்போது விதியே அழிக்கிறது.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், காலம் அப்படி. நிலப்படத் தரவுகளின் மீதிருந்த பல கட்டுப்பாடுகள் 2021-இல் தளர்த்தப்பட்டன. 2022-இல் தேசியப் புவிவெளிக் கொள்கை வந்தது. கிராமக் குடியிருப்புகளை ட்ரோன் கொண்டு அளக்கும் ஸ்வாமித்வா திட்டம் 2020-இல் தொடங்கி நாட்டின் பல மாநிலங்களில் நடந்திருக்கிறது. காகிதம் கணினிக்குப் போகும் காலம் இது. இப்போது ஏறுவதுதான் அடுத்த தலைமுறைக்கு மூல ஆவணம். அதில் வரப்பு என்று ஏறினால் வரப்பு. பாதை என்று ஏறினால் பாதை. ஏற்றுகிற இடத்தில் நம் பிள்ளைகள் உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கே உட்கார முடியாவிட்டால், ஏறியதைச் சரிபார்க்கவாவது தெரிந்திருக்க வேண்டும்.

சாலையில் நடக்கலாம், கிணற்றில் நீர் எடுக்கலாம் என்று 1924-இல் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் நின்று சொன்னார். நூறாண்டு தாண்டிவிட்டது. அந்தத் தீர்மானத்தை ஒரு பட்டியலாக எழுதி, உங்கள் ஊர்ப் படத்தின்மேல் வைத்துப் பாருங்கள். எந்தச் சாலையில் நடக்க முடிகிறது, எந்தக் கிணற்றில் இன்னும் முடியவில்லை, எந்தப் பாதை வயலாகியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறியுங்கள். இந்தக் கோடைக்கு ஒரு மாணவர் ஒரு ஊர் எடுங்கள். அளவு சரியாக இருக்கட்டும். முதல் புள்ளியை வைப்பதற்கு முன்னால் உங்கள் தெருவில் வயதில் மூத்தவர் யாரோ அவரிடம் போய், கல் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அவர் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.